காணி உறுதியின் கடைசிப் பக்கம்

காணி வாங்குபவர்கள் உறுதியில் கையொப்பம் இட்டவுடன் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில், நொத்தாரிசுவின் கணக்குச் சீட்டைப் படித்துப் பார்க்க வேண்டிய வேளை அப்பொழுதுதான் தொடங்குகிறது. அந்தச் சீட்டைக் காசு கொடுத்த நாளோடு மறந்துவிடுவோரே நம்மில் அதிகம்.

கற்பிட்டியில் வசிக்கும் என் நண்பர் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியவர். பல ஆண்டுகள் முகாமிலும் பின்னர் பிறர் காணியிலும் வாழ்ந்தவர். தம் மகளுக்காக, சேமிப்பையும் ஓய்வூதியப் பணிக்கொடையையும் சேர்த்து, அண்மையில் ஒரு துண்டுக் காணி வாங்கினார். ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவருக்கு உறுதி என்பது வெறும் காகிதமன்று.

பேச்சு நடந்தது 19 பேர்ச்சஸ் காணிக்கு. பேர்ச் ஒன்று ஒரு இலட்சம் ரூபா. நில அளவையாளர் வந்து அளந்தபோது 4 பேர்ச்சஸ் ஒழுங்கைக்குள் அடங்கிவிட்டது. ஆகவே 15 பேர்ச்சஸ், 15 இலட்சம் ரூபா என்று உறுதி எழுதப்பட்டது. நொத்தாரிசு கேட்ட தொகையை மாஸ்டர் அன்றே கொடுத்துவிட்டார். மூன்று மாதங்கள் சென்றும் உறுதி கைக்கு வரவில்லை. அந்தக் கவலையோடு என்னிடம் வந்தவர், கணக்குச் சீட்டையும் கொண்டுவந்திருந்தார். அதில் முத்திரைத் தீர்வை 75,000 ரூபா என்றும், நொத்தாரிசுக் கட்டணம் 19,000 ரூபா என்றும் இருந்தன.

நமது நாட்டில் காணி கைமாற்றத்துக்கான முத்திரைத் தீர்வை, முதல் ஒரு இலட்சத்துக்கு நூற்றுக்கு 3, எஞ்சிய தொகைக்கு நூற்றுக்கு 4 என்ற வீதத்தில் கணிக்கப்படுகிறது. 15 இலட்சத்துக்கு முதல் இலட்சத்தின் 3,000, மீதி 14 இலட்சத்தின் 56,000, ஆக 59,000 ரூபா. 75,000 என்பது 19 இலட்சத்துக்கு உரிய தீர்வை. பேசிய கட்டணம் நூற்றுக்கு ஒன்று. அதுவும் 19 இலட்சத்துக்கே கணிக்கப்பட்டிருந்தது. இரண்டிலும் சேர்த்து 20,000 ரூபா அதிகம். அளவைக்கு முன் தயாரித்த மதிப்பீட்டுச் சீட்டை எவரும் திருத்தவில்லை என்பது தெளிவாயிற்று.

மாஸ்டர் தயங்கினார். "உறுதி இன்னும் அவர் கையில் இருக்கிறது. காசைப் பற்றிக் கேட்டால் அதை இழுத்தடிப்பாரோ?" என்றார். இந்த அச்சமே பலருடைய வாயை அடைத்துவிடுகிறது. ஆனால் பணத்தை விடவும் பெரிய கேள்வி ஒன்று அங்கே இருந்தது: உறுதி பதியப்பட்டதா?

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் எழுதப்படாத காணி விற்பனை செல்லாது. கைச்சீட்டில் காணி வாங்கியவர்கள் அல்லற்படுவது இதனாலேயே. அவ்வாறு எழுதினால் மட்டும் போதாது. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, பதியப்படாத உறுதியை, பெறுமதி கொடுத்துப் பின்னர் வாங்கி முறையாகப் பதிந்த இன்னொருவரின் உறுதி முந்திவிடலாம். சுற்றுலாவினால் காணி விலை ஏறியிருக்கும் கற்பிட்டிக் கரையில் இது சிறிய ஆபத்தன்று.

எனவே முதலில் நொத்தாரிசுவின் கந்தோருக்குச் செல்லாமல் புத்தளம் காணிப் பதிவகத்துக்குச் சென்றோம். நொத்தாரிசு எழுதும் உறுதிக்கு மூன்று பிரதிகள் உண்டு. மூலப்பிரதி வாங்கியவருக்கு, ஒன்று நொத்தாரிசுவின் கோவையில், இரண்டாம் பிரதியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்கு முன் காணிப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். கட்டணம் செலுத்திப் பதிவேட்டைப் பார்வையிடலாம், பிரதியும் பெறலாம். எங்களுக்கு நிம்மதி: உறுதி பதியப்பட்டிருந்தது. தொகுதி இலக்கமும் பக்க இலக்கமும் கிடைத்தன.

அந்தப் பிரதியின் கடைசிப் பக்கத்தில் நொத்தாரிசுவின் அத்தாட்சி இருந்தது. உறுதி சிங்களத்தில் எழுதப்பட்டிருந்ததால் மாஸ்டர் அதை வாசித்திருக்கவில்லை. எவர் கையொப்பமிட்டனர், பணம் எவ்வாறு கைமாறியது, எவ்வளவு முத்திரைத் தீர்வை என்பன அங்கே எழுதப்படுகின்றன. அதில் இருந்த தொகை 59,000 ரூபா. கணக்குச் சீட்டைத் திருத்த இதைவிடச் சிறந்த சாட்சி வேண்டுமா? எழுதியவரே அந்த நொத்தாரிசுதானே!

அதன் பிறகு ஒரு கடிதம் எழுதினோம். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. மூன்று வேண்டுகோள்கள் மட்டுமே. அரசுக்குச் செலுத்தியதையும் தமது கட்டணத்தையும் பிரித்துக் காட்டும் திருத்திய கணக்கு; தீர்வை செலுத்திய வங்கிப் பற்றுச்சீட்டின் பிரதி; மூல உறுதி. நொத்தாரிசு கோவையைத் திறந்து பார்த்தார். பழைய சீட்டு அங்கேயே இருந்தது. "மன்னிக்க வேண்டும் மாஸ்டர்" என்று கூறி 20,000 ரூபாவுக்குக் காசோலை எழுதினார். பதிவகத்திலிருந்து திரும்பி வந்து அலுமாரியில் கிடந்த உறுதியும் அன்றே கிடைத்தது.

திருத்திய கணக்கை எழுத்தில் பெற வேண்டும் என்று நான் வற்புறுத்தியதற்குக் காரணம் உண்டு. 2018 ஏப்ரலில் மீண்டும் நடைமுறைக்கு வந்த மூலதன ஈட்டு வரியைக் கணிக்கும்போது, காணி வாங்கிய செலவுக்குச் சான்று தேவைப்படும். மகள் என்றோ விற்க நேர்ந்தால் இந்தக் காகிதம் உதவும்.

அதே வேளையில், எல்லா மேலதிகத் தொகையும் நொத்தாரிசுவின் தவறாகாது. காணியின் பெறுமதி உறுதியில் குறைத்துக் காட்டப்பட்டதாக மாகாண இறைவரித் திணைக்களம் கருதினால், பின்னர் மேலதிகத் தீர்வை கேட்கலாம். 13ஆவது திருத்தத்தின்படி காணி கைமாற்றத்தின் முத்திரைத் தீர்வை மாகாண சபைக்கு உரியது. அதிலிருந்தே உள்ளூராட்சி மன்றங்களுக்கும் பணம் செல்கிறது. நாம் செலுத்தும் தீர்வை நமது பிரதேச சபையின் வீதிக்கும் விளக்குக்கும் ஆகும் பணம். அது உரிய இடத்துக்குச் சென்றதா என்று கேட்பது நமது கடமையுமாகும்.

கடிதத்துக்கு விடையே வராவிட்டால்? நொத்தாரிசுகள் பதிவாளர் நாயகத்தின் மேற்பார்வைக்கு உட்பட்டவர்கள். அவர் சட்டத்தரணியாகவும் இருந்து, நடந்தது தொழில்சார் முறைகேடாயின், உயர் நீதிமன்றத்துக்கு முறையிட வழி உண்டு. ஆனால் கணக்குப் பிழையையும் மோசடியையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. பெரும்பாலானவை கவனக்குறைவுகளே, பணிவான ஒரு கடிதத்தில் தீர்ந்துவிடும்.

வெளிநாடுகளிலிருந்து ஊரில் காணி வாங்கும் அன்பர்களுக்கு இது இன்னும் பொருந்தும். அற்றோணித் தத்துவம் கொடுத்துவிட்டுத் தொலைபேசியில் "எல்லாம் சரியா?" என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். பிரித்தெழுதிய கணக்கு, வங்கிப் பற்றுச்சீட்டு, பதிவகத்தின் தொகுதி இலக்கமும் பக்க இலக்கமும் குறிக்கப்பட்ட உறுதி ஆகிய மூன்றும் கைக்கு வரும்வரை காணி வாங்கும் வேலை முடிந்துவிடவில்லை.