அட்டனில் ஒரு காஞ்சிபுரத்து டீச்சர்

இலங்கை மலையகத்தில் இருக்கும் அட்டனுக்கு வந்து சில வாரங்களாகிறது. திருச்சபை வழியாக, தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கும் தொண்டு வேலை. மொழி ஒன்றுதானே என்ற தைரியத்தில் வந்தேன். இந்தக் குளிருக்கு அந்தத் தைரியம் புரியவில்லை.

கொழுந்து நிறுத்துவிட்டு அம்மாக்கள் லயன் வீடுகளுக்குத் திரும்பும் நேரத்தில் வகுப்பு தொடங்கும். "டீச்சர், காஞ்சிபுரம் சேலை மெஷின்ல செய்றதா?" என்றாள் ஒருத்தி. பிள்ளையார்பாளையத்துக் குழித்தறியைக் கரும்பலகையில் வரைந்தேன். கரையையும் உடலையும் தனித்தனி நூலில் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா. ஒரு கரையின் நாடாவை வீசத் துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்றேன். "அவருக்கும் சம்பளம் உண்டா?" கூலிக் கணக்கு அறிந்து வளர்ந்த பிள்ளைகள்!

இந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கும்போது எங்கள் ஊர் ஆண்டர்சன் பள்ளி நினைவுக்கு வருகிறது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜான் ஆண்டர்சன் 1837-இல் சென்னையில் தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. 1839-இல் காஞ்சிபுரத்திலும் கிளை திறந்தார்கள். சென்னையில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை வெளியே அனுப்பச் சொல்லி மேல்சாதியினர் நெருக்கியபோது ஆண்டர்சன் மறுத்தார். பலர் பள்ளியை விட்டே போனார்கள்.

அவர் மதம் பரப்பவும்தான் வந்தார், அதை மறைப்பானேன்? நான் இங்கே தூக்கிக்கொண்டு போவது வாய்ப்பாடுதான். ஆனால் வகுப்பில் எல்லாரையும் ஒரே பாயில் உட்காரவைக்கிறேனா என்பதில் என் விசுவாசத்துக்கும் பரீட்சை இருக்கிறது.

காஞ்சி நண்பர்களே, சிறுவர் கதைப் புத்தகங்கள் இருந்தால் எடுத்துவையுங்கள். கிறிஸ்துமஸுக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.