கூடத்துக்கு அளவெடுத்து ஒரு பவானி ஜமக்காளம்

வீட்டில் நிச்சயதார்த்தமோ, சீமந்தமோ, எது வந்தாலும் பரணிலிருந்து முதலில் இறங்குவது ஜமக்காளம்தான். நாற்காலி பத்தாவிட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஜமக்காளம் பத்தாவிட்டால் சம்பந்தி வீட்டார் முகம் சுருங்கிப் போகும்! ஆனால் அதை வாங்கும்போது மட்டும் நாம் அளவு பார்ப்பதில்லை. கடைக்காரர் விரித்துக் காட்டியதைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம். வீட்டில் போட்டால் ஒரு ஓரம் கதவில் இடிக்கும், மறு ஓரம் சுவரில் மடியும்.

நம் கூடத்துக்கென்றே அளவு கொடுத்து நெய்து வாங்க முடியும். அதற்குப் பவானிக்கே போய்விடலாமே என்று ஈரோட்டிலிருக்கும் என் நாத்தனாரையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். ஈரோட்டிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை.

பவானிக்குப் போய்விட்டுக் கூடுதுறையைப் பார்க்காமல் வரலாமா? காவிரியும் பவானியும் சேரும் இடம். கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் இங்கே வந்து கலப்பதாக ஐதீகம். கரையில் சங்கமேஸ்வரர், வேதநாயகி அம்மன் சந்நிதிகள். கோவை கலெக்டராக இருந்த வில்லியம் காரோ என்ற வெள்ளைக்காரர் 1804-ல் அம்மனுக்குத் தந்தத்தில் கட்டில் செய்து கொடுத்திருக்கிறார். ஒரு மழை இரவில் சிறுமி ஒருத்தி வந்து எழுப்பி அவரை வெளியே அழைத்தாளாம். அவர் வந்ததும் கட்டடம் இடிந்து விழுந்ததாம். ஊரில் இன்றும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள்.

தரிசனம் முடித்துத் தறி பார்க்கப் போனோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீமை மில் துணி வந்து கைத்தறியை நசுக்கியபோது, இந்தப் பகுதி ஜங்கமர் சமூக நெசவாளர்கள் முரட்டுப் பருத்தி நூலில் வண்ணப் பட்டை போட்டு விரிப்பு நெய்ய ஆரம்பித்தார்கள் என்கிறார்கள். அந்த விரிப்புதான் ஊருக்கே பெயர் வாங்கிக் கொடுத்தது. 2005-06-ல் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

தறி என்றால் குழித்தறி. தரையில் குழி வெட்டி, அதில் காலை இறக்கி மிதியை மிதிக்கிறார்கள். அகலமான விரிப்பென்றால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்ய வேண்டியிருக்கிறது. பாவு நூலை மூடிக்கொண்டு முரட்டு ஊடை நூல் அடர்த்தியாக விழுகிறது. அதனால்தான் சிவப்பு, பச்சை, நீலம் என்று பட்டைகள் பளிச்சென்று தெரிகின்றன. இது கோடு போட்ட சாதா ரகம். இன்னொன்று, செயற்கைப் பட்டு நூலில் கரை வைத்துப் பூவும் கொடியும் போட்டது. பார்க்க அழகு, தொட்டால் மெத்து.

தறியில் இருந்த அம்மாவிடம், "எங்க கூடத்துக்கு அளவா நெய்து தருவீங்களா?" என்று கேட்டேன்.

"தாராளமா அம்மிணி! ஆனா ஒண்ணு, அகலம் தறியோடதுங்க. நீளந்தான் உங்களோடது. எந்தத் தறி எத்தனை அடின்னு கேட்டுக்கிட்டு அப்புறம் அளவு சொல்லுங்க" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காகவே பஸ் ஏறலாம்! தறியின் அகலத்துக்கு மேல் ஒரே துண்டாக நெய்ய முடியாது. நீளத்தை நம் இஷ்டத்துக்குக் கூட்டலாம், குறைக்கலாம். நிறமும் அப்படித்தான். ஒரே ஒரு விரிப்புக்காகத் தனி நிறத்தில் நூல் சாயம் போடுவது கட்டாது. இருக்கும் சாய நூலில் பொறுக்கிக்கொண்டால் செலவும் குறைவு, நாளும் குறைவு.

அளவெடுக்கும் முறையைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். கூடத்தின் நீள அகலத்தை அப்படியே கொடுக்காதீர்கள். நாலு புறமும் ஓர் அடியாவது தரை தெரிந்தால்தான் அழகு, பெருக்கவும் சௌகரியம். கதவு திறக்கும் இடத்தை விட்டுவிடுங்கள். சோபா இருந்தால் அதன் முன்கால்களாவது விரிப்பின்மேல் நிற்கட்டும். ஒருவர் சம்மணமிட்டு உட்கார சுமார் இரண்டடி வேண்டும். எத்தனை பேர் என்று கணக்குப் போடுங்கள். பழைய புடவையை அந்த அளவுக்கு மடித்துத் தரையில் போட்டு இரண்டு நாள் புழங்கிப் பாருங்கள். எது இடிக்கிறது என்று தானே தெரிந்துவிடும். பருத்தி கொஞ்சம் சுருங்கும், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வெளியே வந்தால், அதே மாதிரி பட்டை போட்ட விரிப்பு கடையில் பாதி விலைக்குத் தொங்குகிறது! "அண்ணி, பார்க்க ஒண்ணாத்தானே இருக்கு?" என்றாள் நாத்தனார். அது விசைத்தறிச் சரக்கு. 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி கைத்தறிக்கென்று ஒதுக்கிய வகைகளில் ஜமக்காளமும் ஒன்று. ஆனாலும் போலி வருகிறது. தறி அம்மா தம் மகளை இந்தக் குழியில் இறக்கவில்லையாம். "கால் வலி எங்களோட போகட்டும். வெல கெடைச்சா அவளே ஒருவேளை வந்திருப்பா" என்றார். நாம் பேரம் பேசும் பத்து ரூபாயில் யார் வீட்டு அடுப்பு இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கையிருப்புக்குத் தக்கபடி நீளத்தில் இரண்டடி குறைத்துக் கைத்தறிக்கே சொல்லிவிட்டேன். நீங்களும் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஈர வெள்ளைத் துணியால் ஓரத்தில் தேய்த்துப் பார்த்தால் சாயம் போகுமா என்பதும் தெரிந்துவிடும்.

கைக்குழந்தை இருக்கும் வீடா? முதலில் ஒருமுறை அலசிவிட்டு விரியுங்கள். முரட்டு நூல் தவழும் குழந்தையின் முழங்காலை உராயும். மேலே பழைய நூல் புடவையை நாலாக மடித்துப் போடுங்கள். வழவழப்பான தரையில் ஜமக்காளம் நழுவும். பெரியவர்கள் நடக்கும் வீட்டில் அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு அவசியம். கம்பளம் போல மயிர்க்கால் இல்லாததால் தூசி உள்ளே புதைவதில்லை. வாரம் ஒருமுறை வெளியே கொண்டுபோய் உதறினால் போதும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடுவது நல்லது. துவைக்கும்போது பச்சைத் தண்ணீர், தனி வாளி, நிழல் காய்ச்சல். எடுத்து வைக்கும்போது மடிக்காமல் சுருட்டுங்கள், மடிப்பில் நூல் இற்றுப் போகாது.

கடைசியாக ஒன்று: கையால் நெய்வதற்கு நாள் பிடிக்கும். தையில் கல்யாணம் என்றால் மார்கழியில் ஓடாதீர்கள். ஐப்பசியிலேயே அளவு கொடுத்துவிடுங்கள்!