காந்தம் ஒட்டாத தகடு

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் கூலாய் சுற்றுவட்டாரக் காய்கறித் தோட்டங்களில் பறவைகளை விரட்ட எது தொங்கும் என்பது அந்தந்தக் காலத்துக் குப்பையைப் பொறுத்தது. முன்பு பால் டின் மூடி, பிறகு பாட்டு சீடி. பக்கத்து வீட்டு அக்காவின் பாகற்பந்தலில் இப்போது தொங்குவது, நிலைக்கண்ணாடியையே தோற்கடிக்கும் பளபளப்புள்ள ஒரு வட்டத் தகடு. பழைய சாமான் கடையில் கணினிகளைப் பிரித்துப் போட்ட குவியலிலிருந்து வாங்கி வந்தாராம்.

“ஹார்ட் டிஸ்க் தட்டு, தம்பி. கம்பெனியில இதத்தான் வருஷக்கணக்கா மெருகு ஏத்தினோம். எங்க கையவிட்டுப் போறப்ப இதுல ஒண்ணுமே இருக்காது. காந்தம் வச்சாக்கூட ஒட்டாது.”

ஐஸ்பெட்டிக் கதவில் இருந்த காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். வழுக்கி விழுந்தது. உலகத்தின் வங்கிக் கணக்குகளும் கல்யாணப் படங்களும் காந்தப் புள்ளிகளாகப் படிந்து கிடப்பது இந்த மாதிரித் தகடுகளில்தான் என்று படித்திருந்தேன். அப்படியானால் இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, யார் கண்டுபிடித்தது என்று கேட்டுக்கொண்டு புறப்பட்டேன். ஒரு பெயரில் முடியும் என்றுதான் நினைத்தேன்.

முதலில் அளந்தேன். வெர்னியர் காலிபர், 1631இல் பியேர் வெர்னியே என்ற பிரெஞ்சுக்காரர் வெளியிட்ட அளவுகோல் உத்தி, இன்றும் எந்தப் பட்டறை மேசையிலும் கிடக்கிறது. தகட்டின் வெளிவிட்டம் 95 மில்லிமீட்டர். நடுத்துளை 25. இதைக் கடைக்காரர்கள் மூன்றரை அங்குல டிஸ்க் என்பார்கள். ஆனால் மூன்றரை அங்குலம் 88.9 மில்லிமீட்டர்தான். அந்தப் பெயர் தகட்டுக்குச் சொந்தமில்லை. மூன்றரை அங்குல பிளாப்பிக்காகக் கணினியில் விட்ட இடத்துக்குள் இந்தப் பெட்டியும் பொருந்தியதால் ஒட்டிக்கொண்டது. கனம் 1.27 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்தில் சரியாக இருபதில் ஒரு பங்கு. மில்லிமீட்டரில் விட்டமும் அங்குலத்தில் கனமும் கொண்ட இந்தத் தகட்டுக்குக் கண்டிப்பாக ஒரே ஊர் இருக்க முடியாது.

காந்தப் பதிவின் கதையைத் தேடினால் பாதை சீக்கிரமே டேப்புக்குப் போய்ச் சேர்கிறது. அமெரிக்கப் பொறியாளர் ஓபர்லின் ஸ்மித் 1888இல், நூலில் எஃகுத்தூளைக் கலந்து அதில் ஒலியைக் காந்தமாகப் பதியலாம் என்று எழுதினார், செய்து விற்கவில்லை. டென்மார்க்கின் வால்டமார் பௌல்சன் 1898இல் எஃகுக் கம்பியில் பதிந்து காட்டினார். சிகரெட் நுனிக்குத் தங்கநிறப் பட்டை ஒட்டும் வேலையில் கைதேர்ந்த பிரிட்ஸ் பிளாய்மர், 1928இல் ஜெர்மனியில் காகித நாடாவில் இரும்புத்தூளை ஒட்டினார். பாட்டு, பேச்சு எல்லாம் அதன்பின் டேப்பில் ஏறின.

எண்களை ஏற்றுவது வேறு தொல்லை. 1951இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறைக்குப் போன யுனிவாக் கணினி, நிக்கல் பூசிய வெண்கல நாடாவைப் பயன்படுத்தியது. மறு ஆண்டே ஐபிஎம் தன் 726 டேப் கருவியை அறிவித்தது. இதில் பிளாஸ்டிக் நாடா, நொடிக்கு 75 அங்குல ஓட்டம். பாட்டு டேப் ஒரே சீராக ஓடினால் போதும். கணினி டேப் சில மில்லிநொடிக்குள் ஓடத் தொடங்கி, சில மில்லிநொடிக்குள் நிற்கவும் வேண்டும். கனமான சுருளை எந்த மோட்டாரும் அப்படி உலுக்க முடியாது. உலுக்கினால் நாடா அறுந்துவிடும். ஐபிஎம் பொறியாளர்கள் ஜேம்ஸ் வைடன்ஹாமரும் வால்டர் பஸ்லிக்கும் கண்ட வழி எனக்கு இந்தத் தேடலிலேயே மிகவும் பிடித்தது. நாடாவைச் சுருளிலிருந்து நேரே பதிவுத் தலைக்கு இழுக்காமல், நடுவே ஒரு குழாய்க்குள் தொங்கலாக விட்டார்கள். குழாயின் அடியில் காற்றை உறிஞ்சி அந்தத் தொங்கலை இறுக்கமாக வைத்தார்கள். தலைக்கருகில் உள்ள சின்ன உருளை திடீரென இழுத்தால் தொங்கல்தான் குறையும். தொங்கல் எவ்வளவு நீளம் என்று உணர்ந்து, பெரிய மோட்டார் தன் பாட்டுக்கு மெல்லச் சுருளைத் திருப்பி ஈடுகட்டும். பழைய ஆங்கிலப் படங்களில் கணினி என்று காட்டும் அலமாரிகளில் சுருள்கள் விட்டுவிட்டுத் துள்ளுவது அதனால்தான். அவசரத்தையும் கனத்தையும் பிரித்து வைத்த அந்த யோசனையில் காந்தத்தின் பங்கு ஒன்றுமில்லை.

டேப்பில் நடுவே இருக்கும் ஒரு கணக்கு வேண்டுமென்றால் அதுவரை ஓட்டியே ஆக வேண்டும். அதற்கு மாற்றாகத்தான் 1956இல் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகம் தகடுகளில் பதியும் ராமாக் கணினியைக் கொண்டுவந்தது. இரண்டடி விட்டமுள்ள 50 அலுமினியத் தகடுகள், மொத்தம் 50 லட்சம் எழுத்துகள். இரும்பு ஆக்சைடு கலந்த பெயிண்டைச் சுழலும் தகட்டின் நடுவே ஊற்றிப் பரவவிட்டார்கள். கட்டி இல்லாமலிருக்க, பெண்கள் காலில் அணியும் மெல்லிய உறையில் அதை வடிகட்டியதாக ஆய்வகத்தார் சொல்லியிருக்கிறார்கள். தகட்டுக்கும் பதிவுத் தலைக்கும் இடையே சுமார் 20 மைக்ரோமீட்டர் இடைவெளி. அதை அழுத்தக் காற்று தாங்கியது. இன்று தகட்டிலிருந்து தரவைப் படிக்கும் நேரத்தில் அந்த இடைவெளி ஒன்றிரண்டு நானோமீட்டர். பத்தாயிரத்தில் ஒரு பங்காகியிருக்கிறது.

இந்த இடத்தில்தான் என் கேள்வியே தப்பான திசையில் போய்க்கொண்டிருந்தது புலப்பட்டது. தலை அவ்வளவு தாழ்வாகப் பறக்க வேண்டுமானால் கீழே மேடே இருக்கக் கூடாது. தகடு நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு 129 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. கூலாய் வழியாகப் போகும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் அனுமதி 110தான். காந்தப் படலமோ சில பத்து நானோமீட்டர் மட்டும். ஐஸ்பெட்டிக் காந்தம் அதைப் பொருட்படுத்தாததில் வியப்பில்லை. தகட்டின் அருமை அதன் தட்டையில் இருக்கிறது. ஆகவே தட்டை எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதாயிற்று.

அது கணினிக்கு நூறாண்டு மூத்தது. லண்டனில் ஹென்றி மோட்ஸ்லேயின் பட்டறையில் தொழில் கற்ற ஜோசப் விட்வொர்த், 1840இல் கிளாஸ்கோவில் உலோகச் சமதளங்கள் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அளவுகோல் எதையும் நம்பாமல் சமதளத்தை எப்படி உண்டாக்குவது? இரண்டு பரப்புகளை ஒன்றோடொன்று தேய்த்தால் அம்மியும் குழவியும் ஆகிவிடும்: ஒன்று குழியும், மற்றது புடைக்கும், இரண்டும் அழகாகப் பொருந்தவும் செய்யும். மூன்றாவது ஒன்றைச் சேர்த்து, மாற்றி மாற்றி ஜோடி போட்டு ஒப்பிட்டு, முட்டும் இடத்தை மட்டும் சுரண்டினால், மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துவது எல்லாமே தட்டையானால் மட்டும்தான். மூலப்படி ஒன்று இல்லாமலே சரியானதைப் பெற முடியும் என்ற இந்தத் துணிச்சல்தான் பின்னால் வந்த துல்லிய அளவீட்டுக்கெல்லாம் அடிப்படை. ஸ்வீடன் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த கார்ல் எட்வர்ட் யோஹான்சன் 1896இல் அளவுக் கட்டைகளுக்கான யோசனையைக் கண்டார். வீட்டில் மனைவியின் தையல் மிஷினையே அரைக்கும் மிஷினாக மாற்றி அவற்றை மெருகேற்றினார். இரண்டு கட்டைகளைச் சேர்த்துத் திருகினால் பசை இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். அந்த அளவுக்குத் தட்டை.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னபோது மெருகுக்கு வருமுன் இருக்கும் பிளேட்டிங் பிரிவைப் பற்றிப் பேச்சு வந்தது. அலுமினியம் மெத்தென்று இருக்கும். அதை நேரடியாகக் கண்ணாடிபோல் தேய்க்க முடியாது. அதனால் அதன்மேல் நிக்கலும் பாஸ்பரசும் கலந்த கடினத் தோல் ஒன்றைப் பத்து மைக்ரோமீட்டர் அளவுக்கு வளர்க்கிறார்கள். சூடான கரைசல் தொட்டியில் தகடுகள் மணிக்கணக்கில் சுழலும். மின்சாரம் தேவையில்லை.

மின்சாரம் இல்லாமல் உலோகம் பூசும் இந்த வித்தை கிடைத்ததே தற்செயலாகத்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில், அமெரிக்கத் தேசிய அளவைக் கழகத்தில் ஏப்னர் பிரென்னரும் கிரேஸ் ரிடலும் குழாய்களின் உட்புறத்தில் மின்முலாம் பூசிக்கொண்டிருந்தார்கள். கரைசலில் சோடியம் ஹைப்போபாஸ்பைட்டைச் சேர்த்த ஒரு தடவை, செலுத்திய மின்சாரம் எவ்வளவு நிக்கலைப் படிய வைக்க முடியுமோ அதைவிடக் கூடுதலாகவே படிந்திருந்தது. நூற்றுக்கு மேல் மதிப்பெண் வந்தால் வாத்தியார் கணக்கைத் திருத்துவார். இவர்கள் கூடுதல் நிக்கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். கரைசல் தானாகவே, பரப்பின் ஒவ்வொரு மூலையிலும் ஒரே சீராகப் பூசுகிறது என்று தெரிந்தது. பாஸ்பரஸ் நிறைய இருந்தால் அந்த நிக்கல் காந்தமாகவும் இருக்காது. குறுக்கே பேசாத ஒரு தளம் காந்தப் பதிவுக்கு வேண்டும் என்பதை அப்போது யாரும் நினைக்கவில்லை; ராமாக் வரவே பத்தாண்டுகள் இருந்தன.

இந்தத் தகட்டை எங்கள் பக்கம் கொண்டுவந்தது சிங்கப்பூர். 1979இல் தொடங்கிய ஹார்ட் டிஸ்க் நிறுவனம் சீகேட் 1982இல் அங்கே வந்தது. காலையில் தோட்டத்து முச்சந்தியில் நிற்கும் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் பாலம் தாண்டிய பெண்கள் பலர் பால்மரக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பிறகு அடித்தகட்டு ஆலையையே ஜொகூரில், செனாயில் வைத்தார்கள். இங்கே தட்டையாகும் தகட்டுக்கு அக்கரையில் ஊட்லண்ட்ஸில் காந்தப் படலம் ஏறும். தாய்லாந்தின் கோராட்டிலும் சீனாவின் வூஷியிலும் அது பெட்டியில் அடைபடும். கண்டுபிடித்தவர் யார் என்ற என் கேள்விக்கு விட்வொர்த், பிரென்னர், வைடன்ஹாமர் என்று ஒருவரையொருவர் அறியாத பட்டியல்தான் கிடைத்தது. நினைவகத்தின் வரலாறு என்று எழுதப்படுவது பெரும்பாலும் காந்தத்தின் வரலாறு. எனக்கு அது தேய்த்தவர்களின் வரலாறாகவே படுகிறது, அதில் கிரேஸ் ரிடலுக்கு ஒரு வரி கிடைத்திருக்கிறது. செனாய் ஷிப்டுகளுக்கு அதுவும் கிடையாது.

கூலாய் யங் தோட்டத்து நிலத்தில் இன்று ஒய்டிஎல் நிறுவனத்தின் தரவு மையங்கள் எழுகின்றன. என்விடியாவுடன் கூட்டு என்று 2023 டிசம்பரில் அறிவித்தார்கள். அங்கே ஓடும் டிஸ்க்குகளின் உள்ளேயும் மாற்றம் வருகிறது. சீகேட் 2024 தொடக்கத்தில் அறிவித்த 30 டெராபைட் வகையில், பதியும் கணத்தில் லேசர் ஒரு புள்ளியைச் சூடாக்குகிறது. அதற்கேற்ற இரும்பு பிளாட்டினப் படலத்தை ஏற்றும்போதே தகடு மிகக் கடுமையாகச் சூடாக வேண்டும். பிரென்னரின் நிக்கல் அந்தச் சூட்டில் படிகமாகிக் காந்தமாகிவிடும். அதனால் அந்த வகைக்கு அலுமினியம் போய்க் கண்ணாடி வந்திருக்கிறது.

இதைக் கேட்டதும் அக்கா வருத்தப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது, “கண்ணாடிக்கு என்ன குழம்பு போட்டு மெருகு ஏத்துறாங்க? எங்களுக்கு முதல்ல அலுமினா, கடைசியில சிலிக்கா.” கண்ணாடிக்குச் சீரியம் ஆக்சைடு என்றேன், லென்ஸ் தேய்ப்பவர்கள் போடுவது. துகள் அளவு எவ்வளவு என்று கேட்டபடியே பந்தலில் தகட்டை நேராக்கினார்.