பாண் போன பாதை

நாகசாகி

அன்பின் மச்சான்,

ஜப்பானுக்கு வந்தும் காலையில் பாண்தான் சாப்பிடுகிறேன் என்றால் சிரிப்பாய். இங்கே வெதுப்பகத்துக்குப் பெயர் 'பான்-யா'. 'யா' என்றால் கடை. 'பான்' எங்கடை பாணேதான். நாக்கை மடிக்காமல் சொல்லுகினம், அவ்வளவுதான்.

உள்ளே போனதும் ஒரு தட்டையும் இடுக்கியையும் எடுத்து, வேண்டியதை நீயே கவ்வி வைத்துக்கொண்டு காசு கட்டப் போகவேண்டும். எங்கடை அச்சுப் பாண் மாதிரி இருப்பது 'ஷொகு-பான்'. அதை 4, 6, 8 துண்டு என்று வெவ்வேறு தடிப்பில் வெட்டிப் பையில் போட்டு வைத்திருக்கிறார்கள். நாலு துண்டுப் பையை வாங்கினால் ஒவ்வொன்றும் செங்கல்தான். சம்பல் வைத்து மடிக்க ஏலாது.

சொல்லைக் கொண்டுவந்தவன் போர்த்துக்கேயன். அவன் மூக்கால் இழுத்துச் சொன்னதை ஒவ்வொரு ஊரும் தன் காதுக்குப் பட்ட மாதிரி எடுத்துக்கொண்டது: எங்களுக்கும் சிங்களவருக்கும் பாண், பம்பாய்க்காரருக்குப் பாவ். கொரியர் ஜப்பானியரிடமிருந்து வாங்கி 'ப்பாங்' ஆக்கினார்கள். 1543இல் தனெகஷிமாத் தீவில் இறங்கியவர்களுக்கு 1571இல் இந்த நாகசாகித் துறைமுகம் திறந்தது. 1619இல் எங்கடை ராசா சங்கிலியனைப் பிடித்ததும் அதே கூட்டம்தான். 1639இல் ஷோகுன் அவர்களை இங்கிருந்து துரத்தினார். 1658இல் யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தார்கள்.

துரத்தியவர்கள் சொல்லைத் துரத்தவில்லை. ஆனால் பாண் சாதாரண சனத்தின் சாப்பாடானது மெய்ஜி காலம் தொடங்கிய பிறகுதான். டோக்கியோவின் கிமுராயா கடைக்காரர் சாக்கே மதுவுக்குப் போடும் புளிமாவால் மாவைப் பொங்கவைத்து, உள்ளே இனிப்புப் பயறு வைத்து 'அன்-பான்' செய்தார். 1875 ஏப்ரல் 4ஆம் தேதி அது சக்கரவர்த்திக்கே போனது. எனக்கென்னவோ அங்கேதான் பாண் ஜப்பான்காரனாகியது.

ஓனோ சுசுமு தமிழும் ஜப்பானியமும் உறவு என்று எழுதியதை நீ உடனே இழுப்பாய். இது அந்தக் கணக்கில் வராது. கப்பலில் வந்த சொல். அதுக்காக ஒலி ஒத்ததெல்லாம் கப்பலில் வந்ததும் இல்லை. 'அரிகாத்தோ' போர்த்துக்கேய 'ஒப்ரிகாது'வில் பிறந்தது என்று கதைப்பவர்கள் இருக்கிறார்கள். வெறும் கதை. போர்த்துக்கேயர் வர முன்பே அந்தச் சொல் இங்கே இருந்தது.

உன் மகளிடம் இங்கத்தைப் பிள்ளைகளின் விடுகதை ஒன்றைக் கேட்டுப் பார்: பாண்தான், ஆனால் தின்ன ஏலாத பாண் எது? 'ஃபுராய்-பான்', பொரிக்கிற தாச்சி. அந்தப் 'பான்' இங்கிலீசுக்காரனுடையது.

அன்புடன்,
உன் மச்சான்