மூக்கு நீண்ட பங்காளி

"அரிசியில வண்டு வந்துடுச்சு" என்று நாம் சொல்வதே தப்பு ஸார். அது எங்கிருந்தோ வரவில்லை. அரிசிக்குள்ளேயே பிறந்து வளர்ந்த பார்ட்டி!

திட்டக்குடியில் ரூம் எடுத்துத் தானே பொங்கித் தின்னும் என் போன்ற பிரம்மச்சாரிகளுக்கு, ஊரிலிருந்து வரும் அரிசி மூட்டைதான் பிராவிடண்ட் ஃபண்டு. சொந்த வயல் நெல். அவித்து, அரைத்து, அம்மா கையால் புடைத்து பஸ்ஸில் ஏறி வந்தது. இரண்டே மாதத்தில் மூட்டை முழுக்க ஊர்வலம். ரூம்மேட் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்கம்மா சரியாப் புடைக்கலைடா. கொட்டிடு" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த வண்டின் பூர்வீகத்தை நோண்டினேன்.

பெயர் கூன்வண்டு. நீளம் இரண்டு, மூன்று மில்லிமீட்டர். முதுகில் மங்கலாய் நாலு சிவப்புப் புள்ளி. தும்பிக்கை மாதிரி மூக்கு, அதன் நுனியில் வாய். பெண் வண்டு அரிசியைக் குடைந்து உள்ளே ஒரே ஒரு முட்டை வைத்து, பசை போட்டு மூடிவிடும். மேஸ்திரி பூசினால்கூட இந்த நேர்த்தி வராது. இப்படி ஆயுசுக்குள் முன்னூறு முட்டை போல. புழு உள்ளேயே தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, நம்ம ஊர் வெக்கையில் ஒரு மாதம் சுமாருக்கு ஓட்டை போட்டு வெளியே தலை நீட்டும். அதுவரை அது சாதாரண அரிசிதான். எந்த அம்மாவின் முறத்துக்கும் அகப்படாது!

1763-லேயே லின்னேயஸ் இதற்குப் பெயர் வைத்துவிட்டார். ஐரோப்பாவில் கோதுமைக் கிடங்குகளைக் காலி செய்யும் பங்காளி ஒன்று உண்டு. அதற்குப் பறக்க வராது. நம்மாளுக்கு அதுவும் வரும். தொட்டால் காலை மடக்கிச் செத்த மாதிரி கிடக்கும். மேனேஜர் ஃபைல் கேட்கும்போது நம் செக்‌ஷனில் பார்த்திருப்பீர்கள்.

இன்னொரு சங்கதி. இதன் உடம்புக்குள் ஒரு பாக்டீரியா குடியிருந்து, ஓடு கெட்டிப்படத் தேவையான சத்தைத் தயாரித்துக் கொடுக்கிறது. ஓடு கெட்டியானதும் வண்டு அந்த பாக்டீரியாவையே ஜீரணித்துவிடுகிறது. கான்ட்ராக்ட் லேபர் கதிதான்!

மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் காயப்போட்டால் பெரிசுகள் ஓடிவிடும். உள்ளே இருக்கிற புழுவுக்கு அரிசியே குடை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தார் ஒரு குழாய்ப் பொறி செய்திருக்கிறார்கள். உடம்பெல்லாம் துளை, அரிசிக்குள் செருகினால், காற்றைத் தேடி வரும் வண்டு துளைக்குள் நுழைந்து அடியில் விழும். விழுந்தது மேலே ஏறாது.

மற்றபடி, உலை வைக்குமுன் நிறைய தண்ணீர் விட்டுக் கிளறினால் உள்ளே கோறையான அரிசி மிதக்கும். அடியில் தங்குவது நமக்கு. மிதப்பது ஹவுஸ் ஓனர் வீட்டுக் கோழிக்கு.