நான்கு மணி மூச்சு

தில்லி, கிழக்கு கிட்வாய் நகர், ஒன்பதாவது மாடி. படுக்கையறைத் தரையில் அந்த அம்மாள் சாக்பீஸால் கோடு போடுகிறார். எட்டடி நீளம், ஆறடி அகலம். கட்டில் சுவரோரம் போய்விட்டது. துணி அலமாரி அடுத்த அறைக்கு மாறிவிட்டது. அளவு டேப்பின் மறுமுனையை மகள் பிடித்துக்கொண்டிருக்கிறாள். கணவர் நிலைப்படியில் சாய்ந்து நிற்கிறார். இத்தனையும் அவருக்காகத்தான்.

“ஹால்லயே ஒரு ஓரமா வெச்சிடலாமேம்மா.”

“ஹால்ல வெச்சா யாராவது வரும்போது நகர்த்தணும். ஒரு தடவை நகர்த்திட்டா அப்புறம் அதுல துணிதான் காயும். இதுக்குன்னு ஒரு இடம் இருக்கட்டும்ங்க.”

அவர் மறுக்கவில்லை. எதிர் ஃபிளாட்டிலிருந்து காபிக்கு வந்த நானும் வாய் திறக்கவில்லை. வேலை நடக்கிற வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பதே போதும் என்று இருக்கிறது.

போன வருடம் அவர் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிறார். மனைவிக்கு இன்னும் சில வருடம் சர்வீஸ் இருக்கிறது. இந்தக் குவார்ட்டர்ஸ் மனைவி பேரில் வந்தது. நாளுக்கு அரை மணி, வாரத்துக்கு ஐந்து நாள் உடம்பு அசைய வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வாரம் 150 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கும் அதுதான். விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். நவம்பர் வந்தது. ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடம் மங்கியது. பிறகு காணாமலே போனது. காற்றுத் தரக் குறியீடு 400ஐத் தாண்டியது.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். விரைந்து நடந்தால் அது பல மடங்காகிறது. மூக்கு போதாமல் வாயும் திறந்துகொள்கிறது. மூக்கு வடிகட்டும் கொஞ்சமும் அப்போது இல்லாமல் போகிறது. தில்லியின் குளிர்காலத்தில் விடியற்காலைதான் பொல்லாத நேரம். தரையொட்டிய குளிர்ந்த காற்றின்மேல் சூடான காற்று மூடிபோலப் படிந்துவிடுவதால் புகை மேலே போக வழியில்லாமல் கீழேயே தங்குகிறது. வெயில் ஏறி நிலம் சூடான பிறகுதான் கொஞ்சம் கலைகிறது. விடியற்காலைக் காற்று மருந்து என்று கேட்டே வளர்ந்தவருக்கு அதை விட மனம் வரவில்லை. ஒரு காலை, படியேறாமல் லிஃப்டில் வந்தும் அவருக்கு மூச்சு வாங்கியது. அன்று மாலையே அந்த அம்மாள் டேப்பை எடுத்தார்.

இந்தக் காலனி கணவருக்குப் புதிதல்ல. நேருவின் முதல் அமைச்சரவையில் தகவல் தொடர்பைக் கவனித்த ரஃபி அகமது கிட்வாயின் பெயரைத் தாங்கிய இந்த இடத்தில்தான் அவர் பிறந்து வளர்ந்தார். அப்பா கும்பகோணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்தவர். அன்றைக்குத் தாழ்ந்த வீடுகள், முன்னால் புல்வெளி, வேப்பமர நிழல். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் காலை அலுவலக நேரத்தில் செயலகத்தை நோக்கி சைக்கிள்கள் அணியணியாகப் போகும். அப்பாவிடம் இருந்தது ஹெர்குலிஸ். 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் செய்து அனுப்பிய வண்டி. போக வரப் பத்து கிலோமீட்டருக்கு மேல். கேரியரில் டிபன் பாக்ஸ், திரும்பும்போது காய்கறிப் பை. அவர் உடற்பயிற்சிக்கென்று தனியாக நேரம் ஒதுக்கியதே இல்லை.

பிறகு அந்த வீடுகளை இடித்துவிட்டு, 86 ஏக்கரில் என்.பி.சி.சி. நிறுவனம் கோபுரம் கோபுரமாகக் கட்டியது. ரிங் ரோட்டில் சைக்கிளுக்கு இடமில்லை. அப்பா சாலையில் மிதித்ததை மகன் சுவருக்குள் மிதிக்க வேண்டியிருக்கிறது. இதை அவர் வருத்தத்தோடு சொல்லவில்லை. சாக்பீஸ் கோட்டைப் பார்த்தபடி, “அப்பா வண்டியே இந்த அகலத்துக்கு இருக்கும்” என்று மட்டும் சொன்னார்.

இரண்டு பையன்கள் அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்தார்கள். “ஆன்ட்டிஜி, கஹாங் ரக்னா ஹை?” கோட்டைக் காட்டினார். உள்ளே சக்கரம் ஓடாத சைக்கிள். வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்கும் யோசனை சைக்கிளைவிடப் பழையது. 1796இல் பிரான்சிஸ் லவுண்ட்ஸ் என்ற ஆங்கிலேயர், கைகால்களை அசைக்க வைக்கும் ஜிம்னாஸ்டிகான் என்ற இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். மிதித்து ஓட்டும் சைக்கிள் தெருவுக்கு வர அதன்பின் அறுபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஜிம்னாஸ்டிகானையும் நோயாளிக்காகத்தான் செய்தார்கள்.

இந்த சைக்கிளை மகள்தான் தேடி எடுத்தாள். கனமான சக்கரத்தைத் துணிப்பட்டை அழுத்திப் பிடிக்கும் வகை விலை குறைவு. ஆனால் உரசும், தேயும், சத்தம் போடும். அவள் வாங்கியதில் காந்தம் இருக்கிறது. அது சக்கரத்தைத் தொடுவதே இல்லை. சுழலும் உலோகத்தில் காந்தம் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்க, அந்த மின்னோட்டமே சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. திருகைத் திருப்பினால் காந்தம் நெருங்கும், மிதி கனக்கும்.

பெடல் மாட்டும்போது அவள் அப்பா ஸ்பேனரை எடுத்தார். வலது பக்கம் சரியாக இறங்கியது. இடது பக்கம் முரண்டு பிடித்தது. பலம் கொடுக்கப் போனவரின் கையை மகள் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, இடது பெடலுக்கு மறை தலைகீழ். இந்தப் பக்கம் திருப்பினாத்தான் இறுகும். இல்லேன்னா மிதிக்க மிதிக்கக் கழண்டுடும்.”

விரலாலேயே திருகினாள். இறங்கியது. பிறகு அவரை சீட்டில் உட்கார வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைக்கச் சொன்னாள். கால் நேராக நின்றது. இனி முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் லேசாக மடிந்திருக்கும். சீட் தாழ்ந்தால் முழங்கால் வலிக்கும், உயர்ந்தால் இடுப்பு ஆடும். அந்த அளவில் கம்பத்தின்மேல் நெயில் பாலிஷால் ஒரு கோடு வைத்தாள்.

அடியில் தடித்த ரப்பர் விரிப்பு. அதிர்வு கான்கிரீட் வழியாகக் கீழே இறங்கும் என்பதால், கணவரை மிதிக்கச் சொல்லிவிட்டு அந்த அம்மாளே எட்டாவது மாடிக்கு இறங்கிப் போனார். அந்த வீட்டுப் பஞ்சாபிப் பெண்மணியின் படுக்கையறையில் இருவரும் கூரையைப் பார்த்து நின்றார்களாம். ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது கையில் ஒரு கிண்ணம் கேரட் அல்வா.

டிசம்பர்க் குளிரில் டேபிள் ஃபேன் எதற்கு என்று அவர் கேட்டார். ரோட்டில் போகும்போது காற்று தானே முகத்தில் அடிக்கும். நின்ற இடத்தில் மிதித்தால் உடம்புச் சூடு வெளியேற வழியில்லை. வியர்வை உலராமல் வழியும். இதயத்துக்கு வேலை கூடும். இரண்டாம் நாளே அவருக்குப் புரிந்தது. வியர்வை உப்பு இரும்பைத் தின்னும் என்று ஹேண்டில்பாரில் ஒரு துண்டு. கண்ணெதிரே சுவர்க் கடிகாரம். பக்கத்தில் இரண்டு கிலோ டம்பெல் ஒரு ஜோடி, கை வைக்காத மர நாற்காலி ஒன்று. உட்கார்ந்து எழுவதற்கும், சாய்ந்து கைகளை ஊன்றித் தள்ளுவதற்கும் அதுவே போதும். டம்பெல்லைத் தூக்கும்போது மூச்சைப் பிடிக்கக் கூடாது, விட வேண்டும். பிடித்தால் ரத்த அழுத்தம் ஏறும். இந்த ஒன்றை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்.

ஒட்டியதுதான், ஆணி கிடையாது, டிரில் கிடையாது. மனைவி ஓய்வு பெற்றதும் சில மாதத்தில் காலி செய்ய வேண்டிய சர்க்கார் வீடு. எல்லாமே கழற்றி எடுத்துப் போகிற மாதிரிதான்.

காற்று சுத்திகரிப்பானைக் கதவருகே வைத்திருக்கிறார்கள். அது தூசியைப் பிடிக்கும். நாம் விடும் கரியமில வாயுவைப் பிடிக்காது. அதனால் மதியம் இரண்டு மணிக்கு, வெளியே அளவு இறங்கியிருக்கும் நேரம் பார்த்து, ஜன்னலைச் சற்று திறந்து மூடுகிறார்கள். பிறகு சுத்திகரிப்பானை வேகமாக ஓடவிடுகிறார்கள். நுண்துகளுக்கு நம் நாட்டின் ஒரு நாள் வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. திரையில் எண் இருபதுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் அவர் சீட்டில் ஏறலாம். அதற்குள் மணி நான்காகிவிடும்.

நான்கே காலுக்கு மனைவியிடமிருந்து போன் வரும். அவர் வேலை பார்க்கும் செயலகத்தில் அது டீ இடைவேளை.

கணவர் சாப்பிடும் மாத்திரை இதயத் துடிப்பைத் தணித்தே வைக்கும். அதனால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை மட்டும் நம்பக் கூடாது என்றார் மருத்துவர். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். அந்த அம்மாள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு அவர் மிதிக்க, எதிர்முனையில் மனைவி ஏதாவது கேட்பார். முதல் வாரங்களில் பதில் “ம்”, “ஆமா”, “சரி” என்றுதான் வந்தது. உடனே அங்கிருந்து, “திருகைக் குறைங்க” என்ற குரல்.

ஜனவரிக் கடைசியில் நான் உட்கார்ந்திருந்த ஒரு மாலை.

“வரும்போது ஐ.என்.ஏ. மார்க்கெட்ல இறங்கி முருங்கைக்காய் வாங்கிண்டு வா. சின்ன வெங்காயம் அரைக் கிலோ. போன தடவை அவன் ஈரமாக் கொடுத்துட்டான், பார்த்து வாங்கு. நேந்திரங்காய் இருந்தா ரெண்டு” என்று ஒரே வாக்கியமாக, மூச்சு முட்டாமல், கால் நிற்காமல் சொன்னார். எதிர்முனையில் பதில் வரக் கொஞ்சம் நேரமாயிற்று.

“இப்ப பாடிக் காட்டுங்க.”

இரண்டாவது அடியிலேயே மூச்சு வாங்கியது.

“சரியா இருக்கு. இன்னும் பத்து நிமிஷம். கடைசி அஞ்சு நிமிஷம் மெதுவா மிதிச்சிட்டு இறங்குங்க. வெச்சுடறேன்.”

உடற்பயிற்சி மூலை என்றால் எந்த இயந்திரம், என்ன விலை என்று கேட்பவர்களே அதிகம். இந்த வீட்டில் விலை உயர்ந்த பொருள் எதுவும் இல்லை. நகர்த்த வேண்டாத ஓர் இடம் இருக்கிறது, மாறாத ஒரு நேரம் இருக்கிறது, ஆறு கிலோமீட்டர் தள்ளியிருந்து மூச்சை அளக்கும் ஒரு காது இருக்கிறது. இந்த மூன்றும் அமைந்ததால்தான் இந்தக் குளிர்காலத்தில் அவர் ஒரு நாளும் சீட்டில் ஏறாமல் இருந்ததில்லை. கீழ் வீட்டுப் பஞ்சாபிப் பெண்மணி தன் கணவரை அழைத்து வந்து பார்த்துவிட்டுப் போனார். அவர் இயந்திரத்தின் பெயரைக் கேட்டார். அந்த அம்மாள் அதைச் சொல்வதற்கு முன்னால், வீட்டில் எந்த நேரம் எல்லோருக்கும் ஒழியும் என்று அவரைக் கேட்டார்.