பெயரும் வேண்டும், உள்ளே இருப்பதும் வேண்டும்



கிருலப்பனை உறவுகளே, இது கொஞ்சம் கொம்பியூட்டர் சம்பந்தப்பட்ட பதிவு. ஆனால் சங்கம், பள்ளிவாசல், குடும்பம் என்று எங்காவது கணக்கு எழுதும் எல்லோருக்கும் உரியது. நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் பகுதியில் வட்டியில்லாக் கடன் கொடுக்கும் ஒரு சிறிய சங்கம் இருக்கிறது. அதன் கணக்கைப் பல வருடங்களாகப் பார்த்து வந்த நானா வபாத்தானார். அல்லாஹ் அவருடைய கப்ரை விசாலமாக்குவானாக. சில நாட்களில் மகன் ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து தந்தார். "வாப்பா எல்லாத்தயும் இதுலதான் எழுதி வெப்பாரு" என்றார்.

உள்ளே 300க்கும் மேற்பட்ட நோட்பேட் கோப்புகள். பெயர்கள் இப்படி: 'கடன்', 'கடன் 2', 'புதியது', 'புதியது கடைசி', 'ஹாஜியார்'. கிருலப்பனையில் எத்தனை ஹாஜியார்!

சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. மரணித்தவரின் கடனைத் தீர்த்த பிறகுதான் அனந்தரச் சொத்தைப் பங்கிடலாம். கடன் வாங்கியவர்களில் சிலரும் மௌத்தாகியிருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் "வாப்பாவுக்குப் பாக்கி எவ்வளவு?" என்று கேட்டு வந்தார்கள். கட்டி முடித்த ஒரு தாயிடம் மறுபடியும் காசு கேட்டுவிடக் கூடாதே என்பதுதான் எங்களுக்கு இருந்த பெரிய பயம்.

ஏ.எல். வகுப்பில் ஐ.சி.டி. படிக்கும் இரண்டு பிள்ளைகள் உதவிக்கு வந்தார்கள். "ஸேர், ஒண்ணொண்ணா திறக்கத் தேவல்ல" என்று சொல்லி, லினக்ஸ் கணினியில் நாலைந்து வரிகளில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினார்கள். அது செய்வது இவ்வளவுதான்: ஃபோல்டரில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் வரிசையாக எடு. 'எக்கோ' கட்டளையால் அதன் பெயரை எழுது. கீழே 'கேட்' கட்டளையால் உள்ளே இருப்பதை அப்படியே கொட்டு. ஒரு வெற்று வரி விடு. அடுத்த கோப்புக்குப் போ.

'கேட்' மட்டும் போட்டால் எல்லாக் கோப்புகளும் ஒட்டிக்கொண்டு ஒரே நீளமாக வரும். எந்த வரி எந்தக் கோப்பில் இருந்தது என்று தெரியாது. பெயர் மட்டும் கேட்டால் 'புதியது', 'புதியது கடைசி' என்று நிற்கும். இரண்டும் சேர்ந்து வரும்போதுதான் அது கணக்கு.

செய்து பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு மூன்று குறிப்புகள். 'கடன் 2' போல இடைவெளி உள்ள பெயரை ஷெல் இரண்டு பெயராக எடுத்துக்கொள்ளும். அதனால் ஸ்கிரிப்டில் மாறியை இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். வரும் பட்டியலை அதே ஃபோல்டரில் சேமிக்காதீர்கள். அதுவும் ஒரு கோப்பாகப் பட்டியலுக்குள் நுழைந்துவிடும். வரிசை எழுத்துப்படி வரும் என்பதால் 2க்கு முன் 10 வந்து நிற்கும். வருடம், மாதம், திகதி என்று தொடங்கும் பெயர்கள்தான் ஒழுங்காக நிற்கும்.

"ஆளின் பெயரைத் தேடினால் போதாதா?" என்று சிலர் கேட்டார்கள். 'கிரெப்' கட்டளை தேடித் தரும், எந்தக் கோப்பில் என்றும் சொல்லும். ஆனால் நம் பெயர்களைப் பாருங்கள்: ஃபாரூக், பாறூக், பாரூக், முஹம்மத், முகம்மது, மொஹமட். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. பழைய கோப்புகள் சில பாமினி எழுத்துருவில் இருந்தன. அவை யுனிகோட் தேடலுக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். பட்டியலிலும் அப்படித்தான் தெரிந்தன, ஆனால் மேலே பெயர் இருந்ததால் எதைத் திறந்து எழுத்துருவை மாற்ற வேண்டும் என்று தெரிந்தது.

'மழை' என்று ஒரு கோப்பு. கடன் கணக்கைத் தேடும் யாரும் அதைத் திறக்க மாட்டார்கள். பட்டியலில் அதன் கீழே இரண்டு வரிகள்: ஒரு தாயின் பாக்கி முழுவதும் தீர்ந்தது, இனிக் கேட்க வேண்டாம். மழை நாளில் வந்து கட்டியிருப்பார் போலும், நானா தன் நினைவுக்கு அப்படிப் பெயர் வைத்திருக்கிறார். அவருக்கு அது போதும். அவர் போன பிறகு எங்களுக்குப் போதாது.

இது நமக்குப் புதிய பாடமும் இல்லை. இமாம் புகாரியும் இமாம் முஸ்லிமும் யார் யாரிடமிருந்து வந்தது என்ற ஸனதை முதலில் எழுதி, பிறகே மத்னை எழுதினார்கள். அல்பகறா 282ஆம் வசனம் கடனை எழுதி வைக்கச் சொல்கிறது. எழுதினால் மட்டும் போதாது, எழுதியதை இன்னொருவர் கண்டெடுக்கவும் வேண்டும்.

2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தைப் பாருங்கள். அங்கே பிடிஎஃப் கோப்பின் பெயர் வெறும் ஓர் எண். ஆனால் அந்த எண்ணுக்கு ஒரு பக்கம் உண்டு: தலைப்பு, ஆசிரியர், வெளியீட்டாண்டு, பலவற்றுக்கு உள்ளடக்கமும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களை நெருப்பு தின்றது. பெயர் சரியில்லாத கோப்பு தொலைய நெருப்பே தேவையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலில் எங்கள் மஹல்லாவின் கஷ்டம் எல்லாம் இருக்கிறது. அது அமானிதம். ஒரே ஒரு பிரதிதான் எடுத்தோம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர்களுடைய பகுதியை மட்டுமே காட்டினோம். ஒவ்வொரு பகுதிக்கும் மேலே பெயர் இருந்ததால்தான் அப்படிப் பிரித்துக் காட்ட முடிந்தது.

ஆகவே, கணக்கு எழுதும் சகோதர சகோதரிகளே, இன்றைக்கே உங்கள் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். கோப்பின் பெயரில் திகதி, ஆள், விஷயம் மூன்றும் இருக்கட்டும். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். ஸ்கிரிப்ட் வேண்டுமானால் பிள்ளைகள் தருவார்கள், கேளுங்கள்.

நானாவுக்காகத் துஆச் செய்யுங்கள். அவர் ஒரு ரூபாவைக் கூட எழுதாமல் விட்டிருக்கவில்லை.